சொம்புத் தண்ணீரை முதலில் கேட்டவர்

முற்பகல் பதினொன்றரை மணி. 1993ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி பிறந்த மறுநாள். திண்டிவனத்திலிருந்து வந்த பேருந்து கழிமேட்டுப் புளியமரத்தடியில் நின்றது. ஒரு பெண் இறங்கினார். தோளில் ஒரு பை. கையில் ஒரு பாட்டில். அதில் வீட்டிலேயே காய்ச்சி எடுத்து வந்த தண்ணீர்.

அன்று இறங்கிய கிராம சுகாதாரச் செவிலியர் திருமதி ஜெயம் அவர்கள் இன்று பணிநிறைவு பெறுகிறார். அவரோடு பணியாற்றிய நாங்கள், திண்டிவனத்தில் கூடிய இந்த அவையில், வணக்கத்தோடு படித்தளிக்கும் மடல் இது.

மடல் என்றால் முன்னிலையில் அழைத்துப் புகழ வேண்டும். அவர் ஒப்பவில்லை. வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் படியுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன், இல்லையென்றால் நேராகப் பந்திக்கு வந்துவிடுகிறேன் என்றார். ஆகவே ‘அவர்’ என்றே எழுதியிருக்கிறோம். ‘கருணைக் கடலே’ என்று தொடங்குவதும் வழக்கம். அதையும் விட்டுவிட்டோம். கடல் என்று சொன்னால் அவர் ஏற்கமாட்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தென்னார்க்காடு மாவட்டத்தில் கழிமேட்டுக்கு வந்தவர், விழுப்புரம் மாவட்டத்தில் ஓய்வு பெறுகிறார். அவர் ஊர் மாறவில்லை. வந்த வருடமே மாவட்டம்தான் மாறியது.

கழிமேட்டுக்கு மேற்கே நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையும் சவுக்குத் தோப்பும். கிழக்கே உப்பங்கழி. அதைத் தாண்டி உப்பளம். அதற்கும் அப்பால் கடல். ஊரார் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர்கள். கோடையில் நிலம் காய்ந்ததும் உப்பு வாரப் போவார்கள். அன்று அவர் பேருந்தை விட்டு இறங்கியபோது, புளியமரத்தடியில் ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். உப்பளத்தில் மயங்கி விழுந்த கிளியம்மாள். காற்றாட விடாமல் சுற்றிலும் கூட்டம்.

ஜெயம் பையைக் கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டு வாசலுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். வாங்கியதும் ஒரு வாய் தாமே குடித்துப் பார்த்தார். பிறகு ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கலக்கி, கிளியம்மாளின் தலையை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கிளியம்மாள் கண் திறந்து, வாயைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

“நாளெல்லாம் உப்புலயே நின்னுக்கினு கெடக்கறேன். எனக்கே உப்பக் குடுக்கிறியே. நீ எந்த ஊரும்மா?”

“கெடார்” என்றார் ஜெயம்.

“அதான். உப்பக் கண்டறியாத ஊரு” என்று சொல்லிவிட்டு, கிளியம்மாள் மிச்சத்தையும் வாங்கிக் குடித்தாள்.

அன்றைய கழிமேட்டுத் தண்ணீர் இளநீரைப் போல இருந்தது என்று அவர் சொல்லி நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அதுவே அவருடைய முறை ஆயிற்று. பையைத் திறப்பதற்கு முன் தண்ணீர் கேட்பார். குடித்துவிட்டுத்தான் பேச்சு. தண்ணீர் கொடுத்த கை பிறகு கதவைச் சாத்தாது என்பது அவர் கணக்கு. பானை மூடியிருக்கிறதா, மொள்ளும் கை பானைக்குள் போகிறதா என்று பார்ப்பதும் அதிலேயே முடிந்துவிடும். எந்தத் தெரு, யார் வீடு என்று அவர் பார்த்ததில்லை. எல்லா வீட்டிலும் குடித்தார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் குடித்தார்.

மிதிவண்டியின் பின்னால் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உப்பங்கழிக் கரையோரம் அவர் போவது இன்றும் எங்கள் கண்ணில் நிற்கிறது. கரை முழுக்கச் சங்குவளை நாரைகள் நிற்கும். வேலை முடிந்து, அவர் குடியிருந்த கழிமேட்டுத் துணைச் சுகாதார நிலையத்து வேப்பமர நிழலில் கேப்பைக் கூழும் வறுத்த மல்லாட்டையும் பங்கு போட்டுத் தின்ற மதியங்கள் உண்டு. கத்திரி முடிந்தால் வெயிலும் முடிந்தது என்று நம்பிய காலம் அது.

அப்போது நோய்க்கும் பட்டம் இருந்தது. ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம் என்று விதைக்கு இருப்பதைப் போல. சித்திரையில் அம்மையும் வேனல் கட்டியும். மழை விட்டதும் காய்ச்சல். மார்கழியில் சளி. அதற்கேற்ப மாத்திரையை முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைப்பார். பிறகு பட்டம் தப்பத் தொடங்கியது. தையிலும் கொசு இருந்தது. புரட்டாசியிலும் உப்பளத்தில் ஆள் விழுந்தார்கள். வாங்கி அடுக்கியது ஒன்று, வந்தது ஒன்று. வானத்தைப் பார்த்து மருந்து வாங்கினதெல்லாம் போச்சு என்று ஒருமுறை சொன்னார். 

உப்பு சர்க்கரைத் தண்ணீர் மட்டும் தப்பவில்லை. அவர் பொறுப்பிலிருந்த ஐந்து ஊர்களிலும் அதைக் கலக்கத் தெரியாத வீடு இல்லை. வெயிலில் விழுந்தவர்கள் எழுந்தார்கள். பேதி கண்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். ‘உப்புச் சர்க்கரை நர்சம்மா’ என்பதே பெயராயிற்று. ஒரு செவிலியர் ஊருக்குத் தந்ததில் ஊர் மறக்காத ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

2005ஆம் ஆண்டு கிளியம்மாளின் மகன் பெரியதம்பிக்குக் கல்யாணம் நடந்தது. பெரியதம்பி உப்பு லாரி ஓட்டுபவன். பெண் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். பெயர் தமிழ்மொழி. வந்த அன்றே மாமியார் கொடுத்த தண்ணீரை வாயில் வைத்தவள் விழுங்க முடியாமல் நின்றாள். மெதுவாக, கரிக்கிறது என்றாள்.

“பெண்ணையாத்துத் தண்ணி குடிச்சி வளந்த ராசாத்திக்கு நம்ம கெணறு எறங்கலியாம்” என்று கிளியம்மாள் தெருவுக்கே கேட்கச் சொன்னாள். தெரு சிரித்தது.

ஜெயம் அங்கேதான் இருந்தார். மருமகள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் குடித்தார். நாக்கில் உருட்டி, நிதானமாகவே குடித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நல்லாத்தாம்மா இருக்கு. பழகிடும்” என்றார்.

அடுத்த வருடம் தமிழ்மொழி கர்ப்பமானாள். சித்திரையில் மல்லாட்டை பிடுங்கும்போது கொல்லையில் மயங்கி விழுந்தாள். ஜெயம் வழக்கம்போல உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். வெயில் தணியவில்லை, மயக்கமும் அடிக்கடி வந்தது. தினமும் குடித்துவரச் சொன்னார். சொன்னபடி அவளும் குடித்துவந்தாள். எட்டாம் மாதம் கால் வீங்கியது. பார்த்ததில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. உடனே திண்டிவனம் போகச் சொன்னார். மறுநாள் காலையில் போகலாம் என்றார்கள் வீட்டில். அன்று சாயங்காலமே வலிப்பு வந்துவிட்டது.

வேறு வண்டி இல்லை. பெரியதம்பியின் லாரியில் உப்பு ஏற்றியிருந்தது. இறக்க நேரமில்லை. உப்பு மேல் தார்ப்பாயை விரித்து, அதன் மேல் அவளைப் படுக்கவைத்து, ஜெயம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இதைப் பாராட்டு மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய் என்று அவரே சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரி எதிரில் உள்ள டீக்கடைக்கு அவர் வந்தார். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. எங்கே போனாலும் கழிமேட்டு வீட்டுத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துப் போகிறவர். ஐந்து ஊர்களைத் தாண்டினால் வெளித்தண்ணீர் தொடமாட்டார். அன்று முதல் தடவையாகக் கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்தவர் தம்ளருக்குள் பார்த்தார்.

“தண்ணில என்னாங்க போட்டிருக்கீங்க? சர்க்கரையா?”

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

“தண்ணில தண்ணிதாம்மா போட்டிருக்கோம். டீக்கே சர்க்கரை பத்தல.”

அவர் இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தார். பிறகு கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஓட்டுநர் ராம்கி போய்க் கூப்பிடும்வரை எழவில்லை.

நடந்தது இதுதான். மழை வர வேண்டிய மாதத்தில் வராமல், வந்தபோது ஒரே கொட்டாகக் கொட்டிக் கடலுக்கு ஓடியது. கோடை நீண்டது. நீண்ட கோடைக்கு மோட்டார் போட்டு இறைத்தார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, உப்புத் தண்ணீர் கிழக்கிலிருந்து உள்ளே வந்தது. ஒரே நாளில் வந்திருந்தால் ஊரே காறித் துப்பியிருக்கும். வருடத்துக்கு ஒரு துளி என்று வந்தது. கிணற்றோடு சேர்ந்து நாக்கும் மாறியது. ஒவ்வொரு வீட்டிலும் தினம் தினம் குடித்துப் பார்த்தவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகப் பழகியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அவர் மேற்கொண்டு உப்பைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் மருத்துவ அலுவலர் டாக்டர் காயத்ரி, தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆறுதலாகச் சொன்னார். ஜெயம் கேட்டுக்கொண்டார். நான் பழகிடும்னு சொன்னேனே டாக்டர் என்றார். 

மறு வாரம் முதல் வீடு வீடாகப் போனார். வழக்கம்போல் தண்ணீர் கேட்டார், குடித்தார். குடித்துவிட்டு, இனி உப்புப் போடாதீர்கள், கர்ப்பிணிகள் இந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்காதீர்கள் என்றார். யாரும் நம்பவில்லை. அவரே கட்டிய வீட்டை அவரே இடிக்க வந்ததுபோல் பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் அப்பாதுரை நேராகவே கேட்டார்.

“இத்தன வருஷமா உப்பப் போடு, உப்பப் போடுன்னீங்க. எம் பேரனே அதுலதான் பொழச்சான். இப்ப போடாதன்றீங்க. எதுங்க நெசம்?”

“ரெண்டும் நெசம். தண்ணி மாறிப்போச்சி.”

“எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“எனக்கும் தெரியலிங்க. அதான் பேஜாரே.”

தமிழ்மொழி தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வர மறுத்தாள். கிளியம்மாள் ஆள் அனுப்பினாள், வரவில்லை. பெரியதம்பி போனான், அவனோடும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயம் விழுப்புரத்தில் பேருந்து மாறி திருவெண்ணெய்நல்லூருக்குப் போனார். அந்த வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். டீக்கடைத் தண்ணீரைவிட அது இனித்தது. நீ சொன்னதுதான் சரி, என் நாக்குதான் தப்பு என்று பெற்றவர்கள் எதிரிலேயே அவளிடம் சொன்னார்.

தமிழ்மொழி அவர் குடித்துவைத்த சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“நீங்க குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நர்சம்மாவே சொல்றாங்களே, நம்ம நாக்குலதான் கோளாறுன்னு நெனச்சிக்கினேங்க.”

 ஜெயம் ஒரு குடம் தண்ணீர் மட்டும் கேட்டார். அதை ஊரார் குடித்துப் பார்க்க வேண்டும் என்றார். தமிழ்மொழியே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். குடத்தின் வாயைத் துணியால் கட்டிக்கொடுத்தாள். ஆனால் உடன் வரவில்லை.

குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறி வந்தார். தண்ணீரை எங்கேயம்மா கொண்டுபோகிறீர்கள் என்று நடத்துநர் கேட்டாராம். கடலுக்குப் பக்கத்தில் என்றாராம் இவர். நடத்துநர் லக்கேஜ் போடாமலே விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. ஒரு சொம்பில் ஊர்க் கிணற்றுத் தண்ணீர், ஒரு சொம்பில் குடத்துத் தண்ணீர். ஒவ்வொருவராகக் குடித்தார்கள். அப்பாதுரை இரண்டாவது சொம்பைக் கீழே வைத்து முகத்தைச் சுளித்தார்.

“இது என்னாங்க, சப்புன்னு கெடக்குது? ஒரு ருசியே இல்ல. நம்ம தண்ணிதாங்க தண்ணி.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பத்துக்குப் பத்துப் பேரும் கிணற்றுத் தண்ணீரையே நல்ல தண்ணீர் என்றார்கள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஜெயம் கோயில் படியில் குடத்தோடு தனியாக நின்றார். கிளியம்மாள் மட்டும் திரும்பி வந்தாள். சம்பந்தி வீட்டுத் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று சொல்லி, மீந்ததைக் குடத்தோடு தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிந்ததும் துணை நிலையத்துக் கதவைத் தட்டியவள் அவளேதான். கையில் ஒரு கிண்ணம். அதில் துவரம்பருப்பு. மலர வெந்திருந்தது.

“சம்பந்தி வூட்டுத் தண்ணியில பருப்பு வெந்துப்போச்சி, நர்சம்மா. கடையாமயே கொழஞ்சிப்போச்சி. நாலு வருஷமா வேவலன்னு அந்தக் கடக்காரன் சவுரிராயனத் திட்டிக்கினு இருந்தேனே. பழைய பருப்பத் தள்றான்னு அவன் கடைக்கே போவாம இருந்தேனே. பாவி, தண்ணியிலதான இருந்திருக்குது கோளாறு.”

சொல்லிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பேரப்பிள்ளையைப் பற்றி அதுவரை வாய் திறவாதவள் அப்போதுதான் அழுதாள். ஜெயமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆண்கள் நாக்கை நம்பினார்கள். பெண்கள் பருப்பை நம்பினார்கள். அந்த வாரமே ஊரில் பாதி அடுப்பு இந்தச் செய்தியைப் பேசியது. பெரியதம்பி உப்பை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்புகிறவன். இனி வெறுமனே வரக் கூடாது என்று கிளியம்மாள் உத்தரவு போட்டாள். மேற்கேயிருந்து பீப்பாயில் நல்ல தண்ணீர் வந்தது. உப்புப் போன லாரியிலேயே தண்ணீர் திரும்பியது. முதல் பீப்பாய் வந்த செய்தியைச் சொல்லி அனுப்பிய பிறகுதான் தமிழ்மொழி வந்தாள். அவள் திரும்பவும் கர்ப்பமானபோது கிளியம்மாள் அந்தப் பீப்பாய்க்குக் காவல் இருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட அதில் மொள்ள விடவில்லை. 2008 தையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று ஜெயம் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். சொன்னவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இந்தப் பக்கம் நாங்களும் வைக்கவில்லை.

பிறகு விழுப்புரத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. பூமி சூடேறுவதால் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்பது பாடம். மின்சாரம் இல்லை. குறிப்புத் தாளை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் வந்தபோது படம் ஓடியது. வங்கதேசத்துக் கடலோரத்தில் குடிநீரில் உப்பு ஏறிக் கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம். மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. ஐரோப்பாவில் ஒரு கோடையில் முதியவர்கள் தனி அறைகளில் வெயிலுக்கே இறந்தார்கள். ஆப்பிரிக்க மலையூர்களில், முன்பு கொசு ஏறாத உயரத்துக்குக் கொசு ஏறியிருக்கிறது.

வங்கதேசத்துப் படத்தில் ஒரு பெண் குடத்தோடு நின்றாள். ஜெயம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரிலும் ஒரு நர்சு இருந்திருப்பாள், அவளும் குடித்துப் பார்த்துப் பழகிடும் என்று சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. வகுப்பு முடிந்ததும் எழுந்து, தண்ணீர் மாறியதை அங்கே யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டார். வெளியிலிருந்து வந்தவர்கள் அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்றார் பாடம் எடுத்தவர்.

வெளியிலிருந்து வந்தவர்கள். திண்டிவனம் வரும்வரை பேருந்தில் அவர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். கழிமேட்டுக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள்? அதிகாரிகள் பாட்டில் தண்ணீரோடு வந்து போகிறார்கள். ஆய்வுக்கு அனுப்பும் மாதிரிக்குப் பதில் வருவதற்குள் பருவம் மாறிவிடுகிறது. வந்து, தங்கி, முதல் நாளே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் ஒரே ஒரு வகையினர்தான். மருமகள்கள்.

அன்றிலிருந்து ஐந்து ஊர்களிலும் புதுப்பெண் வந்தால் அவர் போய்விடுவார். கழுத்து மாலை வாடுவதற்குள் போவார். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு உள்ளதைச் சொல் என்பார். மாமியார் பக்கத்தில் நின்றால் அடுப்பைப் பார்க்க அனுப்பிவிடுவார். அப்பாதுரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“மாமியா வெளக்கேத்துன்னுவா. நர்சம்மா தண்ணியக் குடின்னுவாங்க. எத மொதல்ல பண்றதுன்னு பொண்ணு திருதிருன்னு முழிக்கும்.”

சிரித்தாலும் அவர்தான் முதலில் சொல்லி அனுப்புவார், இன்ன வீட்டுக்குப் பெண் வந்திருக்கிறது, ஜல்தியாக வாருங்கள் என்று. முதலில் வந்தவர்கள் லேசாகக் கரிக்கிறது என்றார்கள். பின்னால் வந்தவர்கள் விழுங்கவில்லை. ஒருத்தி மாலையோடு வாசலுக்கு ஓடித் துப்பினாள். எந்த ஊர்க் கிணற்றில் எந்தப் பெண் முகம் சுளித்தாளோ, அந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்கு மறுநாளே பெரியதம்பியின் பீப்பாய் போனது. அதன் பிறகு இன்றுவரை அந்த ஐந்து ஊர்களில் தாய்க்கு வலிப்பு வந்து ஒரு பிள்ளையும் போகவில்லை.

2011ஆம் ஆண்டு ‘தானே’ புயலில் கடல் நேராகவே கிணறுகளுக்குள் வந்தது. அப்போது யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அப்பாதுரைக்கும் கரித்தது. நூறு தடவை மனு கொடுத்த பிறகு, மேற்கேயிருந்து குழாய் வந்தது. முதல் நாள் குழாயடியில் கிளியம்மாள் சூடம் ஏற்றினாள். இப்போது கழிமேட்டில் எல்லா வீட்டிலும் பருப்பு வேகிறது. சவுரிராயனோடு கிளியம்மாள் பேசுகிறாள். தமிழ்மொழியின் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்.

திருமதி ஜெயம் இனி கெடாரில் இருப்பார். எங்களுக்கு அவர் கற்றுக்கொடுத்தது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கேட்டுக் குடி. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். தப்பு என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல். அவர் நல்ல தண்ணீர் குடித்து, நல்ல காற்றில் நடந்து, நோயில்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் வெளியே போகக் கூடாது. பிறருக்குச் சொன்னதைத் தாமும் கேட்க வேண்டும். இதுவே எங்கள் வாழ்த்தும் வேண்டுதலும்.

வணக்கத்துடன்,
மருத்துவ அலுவலரும் ஊழியர்களும்
ஆரம்ப சுகாதார நிலையம்
2014

மடலில் எல்லோரும் கையெழுத்திட்டு, சட்டம் போடக் கொடுக்கவிருந்த நேரத்தில் கழிமேட்டிலிருந்து அப்பாதுரை சொல்லி அனுப்பினார். பெண் வந்திருக்கிறது என்றார். தாளில் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ஆகவே இதையும் சேர்த்துவிட்டோம்.

ஜெயம் போனார். எங்களில் இருவர் உடன் போனோம். மாப்பிள்ளை ரஞ்சித், அப்பாதுரையின் பேரன். உப்பு சர்க்கரைத் தண்ணீரில் பிழைத்தவன். பெண்ணின் பெயர் கலைப்பிரியா. கல்யாணம் மயிலம் மலையில் நடந்ததால் பெண் வீட்டுப் பக்கம் யாரும் போனதில்லை. மேற்கே ரொம்ப தூரம் என்று மட்டும் தெரியும். கடலையே பார்த்திராத பெண். முந்தின நாள்தான் ரஞ்சித் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். அலையைக் கண்டு பயந்து செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்த கதையைச் சொல்லி வீடே சிரித்துக்கொண்டிருந்தது.

குழாய்த் தண்ணீரை எல்லோரும் நல்லது என்று அறிவார்கள். ஜெயம் கேட்டது ஊர்க் கிணற்றுத் தண்ணீர். இன்றைக்கு அதை மாடுகூட முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கும். தமிழ்மொழியே மொண்டு வந்தாள். கிளியம்மாள், அப்பாதுரை, தெருப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அந்தப் பெண் எப்படித் துப்பப்போகிறாள் என்று பார்க்கத்தான். இது கடைசித் தடவை என்பது எல்லோருக்கும் தெரியும்.

கலைப்பிரியா சொம்பை வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் குடித்தாள். சொம்பு காலியானது. வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தாங்க இருக்குது. எங்க ஊரு தண்ணி மாதிரியேதான் இருக்குது.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெயம் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எந்த ஊரும்மா?”